நாற்காலி பஸ்

எனக்குப் பொறுமை என்பது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது என் பிழைப்பு. அடுத்தவர் வீட்டு முகூர்த்தத்தையும், கேமராவைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டு வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கிற பெரியப்பாக்களையும் நாள் முழுக்க வெட்டி ஒட்டுகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் சொந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பத்து, பன்னிரண்டு நிமிஷம் ஓடுகிற ஆவணப்படங்கள் எடுப்பேன். நடிகர் கிடையாது, கதை கிடையாது, ‘சார், இன்னொரு தடவை மாலையைப் போடுங்க’ கிடையாது. தாம்பரம் மார்க்கெட்டில் விடிவதற்குள் கறிவேப்பிலைக் கட்டுகளைப் பிரித்து அடுக்குகிற பெண்கள், மழை என்று சேதி வந்ததும் வெள்ளத்துக்குப் பயந்து கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு நடந்தே வீடு திரும்புகிற ஒரு காலனி, இப்படி. எடுத்து முடித்ததும் சேலையூரில் எங்கள் அபார்ட்மெண்ட் மொட்டைமாடியில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, படத்தில் இருக்கிறவர்களையே வரவழைத்துப் போட்டுக் காட்டுவேன். “இதனால உனக்கு என்ன வருது?” என்று என் வீட்டுக்காரர் கேட்பார். “கொசு வருது” என்பேன். அப்படிக் கேட்கிற மனுஷன்தான் ஒவ்வொரு தடவையும் முதல் ஆளாக மாடிக்கு வந்து கொசுவர்த்தி ஏற்றி வைப்பார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் கூடப் படித்தவள் ஒருத்தி, இப்போது பள்ளிக்கூட டீச்சர், பொழிச்சலூரில் குடியிருக்கிறாள். ஒருநாள் போன் செய்தாள்.

“ஏய், எங்க தெருவுல தினம் சாயங்காலம் ஒரு பஸ் ஓடுதுடி. நீ வந்து எடுக்கணும்.”

“பஸ் எல்லா ஊர்லயும்தான் ஓடுது. அதுல என்ன இருக்கு?”

“இதுக்குச் சக்கரம் கிடையாது. வந்து பாரு.”

இவள் எப்போதும் இப்படித்தான், பாதி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாள். எரிச்சலோடுதான் போனேன். பம்மல் தாண்டி உள்ளே திரும்பி, தண்ணீர் லாரிக்கு வழிவிட்டு, சின்னச் சின்ன வீடுகள் நெருக்கியடித்த ஒரு தெருவுக்குள் நுழைந்தால், நடுத்தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் இரண்டிரண்டாக, அந்தப் பக்கம் இரண்டிரண்டாக, நடுவில் ஆள் நடக்க வழி. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒற்றை நாற்காலி. அதில் அந்தத் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர், கையில் ஒன்றுமே இல்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு கைலி, ஒரு பனியன், நெற்றியில் விபூதி, முகத்தில் அப்படி ஒரு பொறுப்பு! யாரோ பைத்தியக்காரத்தனமாக நாடகம் போடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு வீட்டுக் கேட் திறந்தது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வலது காலை இழுத்து இழுத்து வந்தார். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே வந்த அவர் மனைவி, ஒரு பழைய தோல் பையை எடுத்து அவர் கழுத்தில் குறுக்காக மாட்டிவிட்டார். காலரைச் சரிசெய்தார். அவர் முகத்தைப் பார்க்காமலே திரும்பி உள்ளே போய்விட்டார்.

அந்த மனிதர் நாற்காலிகளுக்கு நடுவே வந்து நின்றார். மூச்சை இழுத்தார்.

“பம்மல், பல்லாவரம், குரோம்பேட்ட, சானடோரியம், தாம்பரம்! ஏறு ஏறு! படியில நிக்காதே, உள்ள போ! உள்ள எடம் கீது, போய்கினே இரு! பைய முன்னாடி மாட்டு! ரைட், போலாம் ரைட்!”

தெருவே அதிர்ந்தது. அப்படி ஒரு கண்டக்டர் குரலை நான் ஜி.எஸ்.டி. ரோட்டில்கூடக் கேட்டதில்லை. இஸ்திரிக்காரர் வாயாலேயே கியர் போட்டார். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பெண்கள் “ஒரு பல்லாவரம்”, “ரெண்டு குரோம்பேட்ட” என்று கை நீட்டினார்கள். அவர் தினசரி காலண்டரிலிருந்து கிழித்த துண்டுத்தாள்களை இடது கையாலேயே பையிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தார். “அண்ணே, லேடீஸுக்கெல்லாம் ஃப்ரீதானே?” என்று ஒரு பெண் சீண்டினாள். “ஃப்ரீன்னா டிக்கெட் வாங்கக் கூடாதா? செக்கிங் வந்தா யார் பதில் சொல்றது?” என்று பொரிந்து தள்ளினார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, கேமராவை இறக்காமலே, “அண்ணா, எத்தனை வருஷம் சர்வீஸ்?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. உதடு மட்டும் எதையோ தேடியது. தொண்டையிலிருந்து “அ... அ...” என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். கண் கலங்கிவிட்டது. அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டார். என் தோழி என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“அவரால பேச முடியாதுடி” என்றாள். “பஸ்ஸுல மட்டும்தான் பேசுவார்.”

நான் கேமராவை இறக்கினேன்.

அப்புறம்தான் அவள் விஷயத்தை முழுசாகச் சொன்னாள். பக்கவாதம். அவர் நிஜமாகவே பஸ் கண்டக்டராக இருந்தவர். ஒரு காலையில் டூட்டிக்குக் கிளம்பி, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே சரிந்துவிட்டார். உயிர் பிழைத்தது. ஆனால் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். பதில் சொல்லத்தான் வார்த்தை வராது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுவார். மாதக்கணக்கில் அந்த வீட்டில் டிவி சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை.

அந்த இஸ்திரிக்காரருக்கு ஒரு பழக்கம். கண்டக்டரை எங்கே பார்த்தாலும், வீட்டு வாசலோ டீக்கடையோ, “அண்ணே, ஒரு தாம்பரம் குடு” என்று வம்புக்கு இழுப்பார். வருஷக்கணக்காக நடக்கிற கிண்டல். ஒருநாள் மடித்த துணிகளைக் கொடுக்க அந்த வீட்டுக்குப் போனவர், வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் வாய் தவறி அதையே கேட்டுவிட்டார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அந்த மாதிரி.

“கேட்டுட்டு நாக்கக் கடிச்சிக்கினேன் மேடம்” என்று இஸ்திரிக்காரரே என் கேமராவில் சொன்னார். “ஐயோ, பேச முடியாத மனுசனாண்ட போயி இப்டி கேட்டுட்டமேன்னு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அண்ணன் என்னைய ஒரு பார்வ பாத்தாரு. பாத்துட்டு, ‘சில்லறையா குடு’ன்னாரு! நான் துணிய கீழ போட்டுட்டேன். போட்டத எடுக்கவும் இல்ல. அப்டியே நடுத்தெருவுல நின்னு கத்தினேன், ‘அண்ணன் பேசிட்டாரு, அண்ணன் பேசிட்டாரு’ன்னு.”

தெரு கூடிவிட்டது. ஆளுக்கு ஆள் எதை எதையோ கேட்டார்கள். எதற்கும் பதில் இல்லை. இஸ்திரிக்காரர் மறுபடி “ஒரு தாம்பரம்” என்றதும் “சில்லறையா குடு, காலையிலயே நோட்ட நீட்டினா எங்க போவேன்” என்று முழு வாக்கியமாக வந்தது. மறுநாள் ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார். அடுத்த நாள் இன்னொருவர். சினிமாவில் வருகிற மாதிரி யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. ஊர் கூடித் தேர் இழுப்பதற்குக்கூட ஒரு நாள் நட்சத்திரம் பார்ப்பார்கள். இவர்கள் அதுவும் பார்க்கவில்லை. ஆபீஸிலிருந்து வந்தவர், மாவு அரைக்கப் போனவர், பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு வந்தவர் என்று யாருக்கு நேரம் கிடைக்கிறதோ அவர்கள் ஆளுக்கொரு நாற்காலியோடு வந்து ஏறி, தாம்பரம் வந்ததும் நாற்காலியோடு இறங்கி வீட்டுக்குப் போனார்கள். அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடம் தண்ணீர் வரும் நேரம் சொல்வதுபோல் பஸ் வரும் நேரத்தையும் சொல்லிவைத்தார்கள்.

நான் எத்தனையோ கல்யாணம் பார்த்தவள். ஆயிரம் பேர் கூடுகிற மண்டபங்களில் ஒருத்தர்கூட மணப்பெண் சாப்பிட்டாளா என்று கேட்காததைப் பார்த்தவள். இந்த ஜனங்களுக்குக் கூலி கிடையாது, பேர் கிடையாது. ஒரு மனுஷனின் நாலு வார்த்தைக்காக ஒரு தெருவே தினமும் பயணிகளாகிறது. கும்பிடலாம் போலிருந்தது.

அதன் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பொழிச்சலூர்தான். ஆனால் அந்த ஊரில் படம் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பக்கத்திலேயே ஏர்போர்ட், தலைக்கு மேலேயே விமானம் இறங்கும். மைக்கில் வேறொன்றும் கேட்காது. முதல் நாள் நான் ஒவ்வொரு விமானத்தையும் அண்ணாந்து பார்த்துத் திட்டினேன். அங்கே இருப்பவர்கள் திட்டவே இல்லை. பேசிக்கொண்டிருப்பவர்கள் விமானம் வந்ததும் பாதி வார்த்தையில் நிறுத்துவார்கள், அது போனதும் அந்த வார்த்தையின் மிச்சத்திலிருந்து தொடருவார்கள். சண்டை போடுகிறவர்கள்கூடக் கையை ஓங்கியபடி நின்று, சத்தம் அடங்கியதும் திட்டை முடிப்பார்கள். என் அவசர புத்திக்கு அதைப் பார்ப்பதே பெரிய பாடமாக இருந்தது.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டக்டரின் மனைவி. தினமும் பையை மாட்டிவிட்டு உள்ளே போகிறவர் பஸ் தாம்பரம் போய்ச் சேர்ந்த பிறகுதான் வெளியே வருவார், பையைக் கழற்றுவதற்கு. ஒரு நாள்கூட நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. எனக்கு அது உறுத்தியது. சமையலறைக்கே போய்க் கேமராவை வைத்துவிட்டு, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் எதிரில் நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“இன்னா சொல்றது கண்ணு” என்று ஆரம்பித்தார். “எனக்கு வேற எதுவும் வேணாம். கை வர்ல, கால் வர்ல, போவட்டும். அவரு என்னைய ஒரே ஒரு தபா...”

விமானம் வந்தது. அக்கா நிறுத்தினார். பாத்திரங்கள் கிணுகிணுத்தன. அவர் கையில் கீரைக்கொத்து அப்படியே நின்றது. அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை ஆசையை ஒரு முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சத்தம் தேய்ந்து போனது.

“...கூப்ட்டா போதும்” என்று முடித்தார்.

அவரே தொடர்ந்தார்.

“ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கற பொண்ணாண்ட கேட்டேன். இதெல்லாம் எப்டி வருது, நான் கேட்டா மட்டும் ஏன் வர்லன்னு. அது நல்ல பொண்ணு. ‘அம்மா, யோசிச்சி பேசறது வேற, பழக்கத்துல தானா வர்றது வேற. தெனமும் சொல்லிச் சொல்லி நாக்குல பதிஞ்சது மட்டும்தான் இப்ப வருது’ன்னு சொல்லிச்சி. சரின்னு வந்துட்டேன். பம்மல் பதிஞ்சிகீது. குரோம்பேட்ட பதிஞ்சிகீது. சில்லற பதிஞ்சிகீது. இத்தினி வருசம் கூட இருந்து குடும்பம் நடத்தனவ பதியல, பாத்தியா?”

சொல்லிவிட்டுக் கீரையை உருவ ஆரம்பித்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் தெரியாது. அந்த நாக்கின் மேல் என்றுதான் சொல்ல வேண்டும். ஊர் பெயரையெல்லாம் வைத்துக்கொண்டு வீட்டுக்காரியை விட்டுவிட்ட நாக்கு!

அந்த ஆஸ்பத்திரிப் பெண் பயிற்சிக்காக ஒரு வேலையும் கொடுத்திருந்தாள். மனைவியின் பெயரைச் சொல்ல வைக்க வேண்டும். தெருக்காரர்கள் அதையும் விடவில்லை. “அண்ணே, அண்ணி பேரச் சொல்லு, அப்பத்தான் ஏறுவோம்” என்று பஸ் மறியல் செய்தார்கள். முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தார்கள். பாட்டாகப் பாடினார்கள். இஸ்திரிக்காரர் வண்டியை ஓரங்கட்டி, பெயரைச் சொன்னால்தான் எடுப்பேன் என்று அடம்பிடித்தார். கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் முகம் சிவந்து, தலையைக் கவிழ்த்துக்கொள்வார். உள்ளே ஜன்னல் ஓரத்தில் அக்கா நிற்பது எனக்குத் தெரியும். ஸ்டுடியோவில் உட்கார்ந்து இந்தக் காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. அந்த மனிதர் வார்த்தை கிடைக்காமல் தவிப்பவராகத் தெரியவில்லை. வெட்கப்படுகிறவராகத் தெரிந்தார்.

இதை என் தோழியிடம் சொன்னேன். அவள் டீச்சர் அல்லவா, என்னையும் இழுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் போய் நின்றாள். “அக்கா, ஒண்ணு கேட்கிறேன். அண்ணன் முன்னாடியெல்லாம் உங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாரா?”

அக்கா இப்படி ஒரு கேள்வியா என்று பார்த்தார். “ச்சீ ச்சீ! பேரா? எங்க மாமியா வூட்டுல பொண்டாட்டிய பேர் சொல்லி கூப்டற பழக்கமே கெடையாது. எம் பேரு கல்யாணப் பத்திரிகையில அச்சடிச்சதோட சரி. ரேசன் கார்டு எழுதறப்ப எம் பேரு இன்னான்னு என்னையவே கேட்டவரு அவரு!”

“அப்போ நாங்க இத்தனை நாளா பேரைச் சொல்லு, பேரைச் சொல்லுன்னு அவர் உயிரை எடுத்தோமே, நீங்க ஏன்க்கா சொல்லல?”

“டாக்டர் பொண்ணு சொல்லிச்சி, பெரிய படிப்பு படிச்சது. நீங்களும் எல்லாரும் ஆசையா சொல்லிக் குடுக்கறீங்க. சரி, ஒருவேள வரும்போலன்னு நெனச்சேன்.”

அட ராமா! வாழ்நாளில் ஒருதடவைகூடச் சொல்லாத வார்த்தையை, உள்ள வார்த்தையே போய்விட்ட மனுஷனிடம் போய், ஒரு தெருவே கூடி நின்று பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம். அதுவும் அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி பெயரைச் சொல் என்றால் அந்தக் காலத்து மனுஷன் என்ன செய்வார்? நானும் என் தோழியும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தோம். அக்காவும் சேர்ந்து சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

“அப்போ எப்படித்தான்க்கா கூப்பிடுவார்?”

“அய்ய, அதப் போயி கேமராவுல சொல்லுவாங்களா?” என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“கேமராவை அணைச்சுட்டேன். சொல்லுங்க. நீங்களே ஒருதரம் அவர்கிட்ட சொல்லிக் காட்டினால் வந்தாலும் வரும்.”

“நல்ல கதையா கீதே! என்னைய நானே எப்டி கூப்டுக்கறது?”

கடைசிவரை சொல்லவில்லை. நான் சும்மா இருக்காமல், “நீங்களும் ஒருநாள் பஸ்ஸுல ஏறுங்களேன்க்கா” என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. மெதுவாகச் சொன்னார்.

“ஏறலாம் கண்ணு. ஏறி உக்காந்து, அவரு எல்லாராண்டயும் கேக்கற மாரி என்னாண்டயும் கைய நீட்டி ‘எங்கம்மா போணும்’னு கேட்டுட்டாருன்னா? அதுக்கப்பறம் நான் எப்டி அந்த மனுசனுக்குச் சோறு ஊட்டுவேன்?”

அதற்கு மேல் அவரை யாரும் வற்புறுத்தவில்லை. நானும்தான்.

ஆடி மாசம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். லவுட் ஸ்பீக்கர் பாட்டு காதைப் பிளந்தது. தெருவே தூக்குவாளியோடு கோயிலுக்குப் போய்விட்டது. பஸ் நேரம் ஆனது. இஸ்திரிக்காரர் மட்டும் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். மற்ற நாற்காலிகளை நானும் என் தோழியும் வீட்டு வாசல்களிலிருந்து எடுத்துவந்து போட்டோம். அவள் ஒன்றில் உட்கார்ந்தாள். நான் கேமராவோடு நின்றேன். மற்றதெல்லாம் காலி.

கண்டக்டர் வந்தார். அக்கா பையை மாட்டிவிட்டு உள்ளே போனார். அவர் நாற்காலிகளைப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

“பம்மல்” என்றார். “பம்மல், பல்லாவரம்...” நின்றுவிட்டது. மறுபடி “பம்மல்” என்றார். அடுத்தது வரவில்லை. உதடு தேட ஆரம்பித்தது. அன்று நான் கேள்வி கேட்டபோது தேடிய அதே தேடல். பஸ்ஸிலாவது இருந்த பேச்சு, அதுவும் போகிறதா? இஸ்திரிக்காரர் திரும்பிப் பார்த்து, “அண்ணே, ரைட்டா? போலாமாண்ணே?” என்றார்.

கேட் படாரென்று திறந்தது. அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி விடுவிடுவென்று வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கடைசி வரிசையில், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு முன்னால் வெறித்தார். பஸ் காலியாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அவரால் உள்ளே நிற்க முடியவில்லை. தன் பயத்தை அடுப்படியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

கண்டக்டர் அவரைப் பார்த்தாரா என்றுகூட என்னால் சொல்ல முடியாது. ஆனால் குரல் வந்தது. “பம்மல், பல்லாவரம், குரோம்பேட்ட, சானடோரியம், தாம்பரம்! ரைட் ரைட்!” இஸ்திரிக்காரர் ஆனந்தத்தில் ஹாரனை அடித்துத் தள்ளினார்.

என் தோழியிடம் வந்து அவள் கேட்ட பல்லாவரத்தைக் கொடுத்தார். அப்புறம் என்னிடமே வந்துவிட்டார். இத்தனை வாரமாக என்னை ஒரு கம்பம் மாதிரிச் சுற்றிக்கொண்டு போகிறவர், என் முன்னால் நின்று “எங்கம்மா போணும்?” என்றார். கேமராவைப் பிடித்தபடியே “தாம்பரம்” என்றேன். ஒரு காலண்டர் தாளைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அடுத்து அக்காதான்.

அவர் காலை இழுத்து இழுத்துக் கடைசி வரிசைக்குப் போனார். அக்காவின் விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன. கண்டக்டர் அக்காவின் எதிரில் போய் நின்றார். பார்த்தார். கையை நீட்டவில்லை. கேட்கவில்லை. ஒன்றுமே சொல்லாமல் திரும்பி முன்னால் நடந்துவிட்டார்.

“போச்சு” என்று என் தோழி முணுமுணுத்தாள். அக்காவின் தலை தாழ்ந்துவிட்டது. டிக்கெட் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன். ஒரு அந்நியப் பயணியாகக்கூட மனுஷன் கண்ணில் படவில்லையே! கேமராவை வீசி எறிந்துவிட்டு அந்த அக்காவைக் கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. ஆனால் கை அதைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

“பம்மல் எறங்கு! பல்லாவரம்! பல்லாவரம் எறங்கறவங்க முன்னாடி வா!” என் தோழி பல்லாவரத்தில் எழுந்து இறங்கி ஓரமாக நின்றாள். “குரோம்பேட்ட! குரோம்பேட்ட யாராச்சும் கீறீங்களா? ரைட்!”

குரோம்பேட்டை போனதும் அவர் திரும்பினார். காலை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார். அக்காவுக்கு முன் நாற்காலியின் முதுகை, பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் இடது கையால் பிடித்துக்கொண்டார். லேசாகக் குனிந்தார்.

“இன்னாமே” என்றார். “சாப்ட்டியா?”

கோயில் ஸ்பீக்கர் ஏதோ பாடிக்கொண்டிருந்தது. எங்கள் யாருக்கும் அது காதில் விழவில்லை. இஸ்திரிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அக்கா உடனே நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகமெல்லாம் தண்ணீர். ஆனால் குரலில் அழுகை இல்லை, சண்டைதான் இருந்தது.

“இல்ல” என்றார். “நீ சாப்டாம நான் என்னிக்கு சாப்ட்டுகீறேன்?”

அவர் தலையை ஆட்டினார், சரி சரி என்கிற மாதிரி. பிறகு நிமிர்ந்து, அக்கா முகத்தைப் பார்த்தபடியே, “சானடோரியம்! சானடோரியம் எறங்கு!” என்றார். அக்கா எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து, இல்லாத படியில் புடவையைத் தூக்கிப் பிடித்துக் கால் வைத்து இறங்கி, தெரு ஓரமாக வந்து நின்றார். பஸ் ஒரே ஒரு பயணியோடு, அதாவது என்னோடு, தாம்பரம் கிளம்பியது.

நான் அந்தப் பயணத்தை முடிக்கவில்லை. அக்காவிடம் ஓடினேன். “ஏன்க்கா அங்க இறங்கிட்டீங்க?”

“நான் அங்கதான கண்ணு எறங்கணும்” என்றார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. “சானடோரியத்துல எக்ஸ்போர்ட் கம்பெனியில தெச்சிகினு இருந்தேன். அவரு பஸ்ஸுலதான் போவேன். என்னாண்ட டிக்கெட்ட பத்தி கேக்க மாட்டாரு, பாஸ் எட்த்துக் குடுத்ததே அவருதான? எல்லாரையும் பாத்து முடிச்சிட்டு, கூட்டம் கொறஞ்சி, குரோம்பேட்ட தாண்டனதும் என்னாண்ட வருவாரு. கம்பிய புடிச்சிகினு இதே மாரி குனிஞ்சி, ‘இன்னாமே’ன்னு கூப்ட்டு கேப்பாரு. தெனமும் அங்கதான், அதே கேள்விதான். கேட்டுட்டு எறக்கி வுட்டுருவாரு.”

சொல்லிக்கொண்டே அவர் பஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். காக்கிச் சட்டை காலி நாற்காலிகளைப் பார்த்துத் தாம்பரம், தாம்பரம் என்று கூவிக்கொண்டிருந்தது. அக்கா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தியா கண்ணு” என்றார். “அந்த ரூட்டுல நானும் இருந்துகீறேன்.”